தகரத்துக்குக் கீழே என்ன போடட்டும்?

என் அம்மாவுக்கு,

உன்னைச் சத்தமாகக் கூப்பிடக் கூடாது என்று அத்தை சொல்லியிருக்கிறாள். பிள்ளை பெற்ற பத்தொன்பதாம் நாள் போனவளை அழைத்தால், அவள் பிள்ளைமேல் ஏக்கம் வைத்துத் திரும்பி வந்துவிடுவாளாம். அதனால் எழுதுகிறேன். எழுதினால் யாருக்கும் கேட்காது இல்லையா?

பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். சிம்னி விளக்கின் திரியை இறக்கி, அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன். அத்தை புரண்டு படுத்தால் ஊதி அணைத்துவிடுவேன். பயமாகத்தான் இருக்கிறது. அத்தையை நினைத்துப் பயம், நீ உண்மையிலேயே வந்துவிடுவாயோ என்று கொஞ்சம் பயம், வரவே மாட்டாயே என்று அதைவிடப் பெரிய பயம்.

நாளை விடிந்ததும் நைனாவுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். அவர் முதல் ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன்பே சொல்ல வேண்டும். நம் வீட்டுக் கூரைத் தகரத்துக்குக் கீழே என்ன போடுவது, அதுதான் கேள்வி. ஒன்பதாவது படிக்கிற பெண்ணிடம் யாராவது இதைக் கேட்பார்களா? நைனா கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்க யார் இருக்கிறார்கள், நீ இல்லாமல்?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

ஆரம்பாக்கத்தில் ரயில் தண்டவாளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் நம் வீடு இருப்பதால்தான் எல்லாம். கரி எஞ்சின் போகும்போது பறக்கிற பொறி கூரையில் விழுந்து இரண்டு கோடை தொடர்ந்து எரிந்தது. இரண்டாம் தடவை நீதான் என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாய், எனக்குப் பதினோரு வயது, கால் தரையில் இழுபட்டது. அதற்கப்புறம் நைனா கீற்று வேண்டாம் என்று தகரம் போட்டார். முதல் மழையில் தகரம் எழுப்பிய சத்தத்துக்கு நீ காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

வெயில் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. போன சித்திரையில் பாப்பா பிறந்தாள். பிள்ளை பெற்ற வீடு என்று ஜன்னலைச் சாத்தி, கதவில் படுதா கட்டினார்கள். உனக்குக் காய்ச்சல் வேறு. “மேல எதுனா போடுய்யா, மண்ட உருகிப்பூடும் போலக்கீது” என்று நீ சொன்னாய். “ஞாயித்துக்கெழம போட்டுடறேன்” என்றார் நைனா. நான் கோணியை நனைத்துக் கொடுத்தேன், அவர் தகரத்துமேல் விரித்தார், அது அரை மணியில் காய்ந்து விறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். கூரை வேலைக்கு இல்லை.

அன்றிலிருந்து நைனா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர், இலையைப் பார்க்காமல் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவர், “இன்னாங்க, மேல சாதம் இல்ல, கீழதான்” என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். நான்தான் பாதியிலேயே இலையை மடித்தேன்.

பாப்பாவை வளர்க்க சூலூர்ப்பேட்டையிலிருந்து நைனாவின் அக்கா வந்திருக்கிறாள், நான் சொல்கிற அத்தை அவள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. கெட்டவள் இல்லை அம்மா. பாப்பாவுக்கு விஜயா என்று பேர் வைத்ததும் அவள்தான். ஆனால் தை மாதமே ஒரு கெடு வைத்துவிட்டாள்.

“தோ பாரு தம்பி, இந்தத் தகரத்துக்கடியில ஒருத்திய பறிகுடுத்தாச்சு. சித்திர ஒண்ணாந்தேதி வரைக்கும் பாப்பேன். கூரைக்கு ஒண்ணும் ஆவலன்னா கொயந்தய இட்டுகினு எங்க ஊட்டுக்குப் பூடுவேன். அங்க ஓட்டு ஊடு. மேல புளியமரம். எதுனா ஒண்ணு போடு, நான் பேசாம இருக்கேன்.”

“போடறேங்க்கா.”

“போடறேன் போடறேன்னு வாயாலதான் போடற. வாய்க்கு மட்டும் டபுள் கூரை.”

நான் கூடப் போக முடியாது. பள்ளிக்கூடம் இருக்கிறது. நைனாவுக்குச் சோறு கட்டிக்கொடுக்க வேண்டும். விஜயா போய்விட்டால் விடியற்காலையிலிருந்து ராத்திரி விளக்கு வைத்தபிறகும் இந்த வீட்டில் நான் மட்டும்தான். அவள் தூங்குவதற்கு என் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொள்வாள், தெரியுமா? பிடித்த பிடியை விடமாட்டாள். நானும் அசையாமல் கிடப்பேன்.

கூரைக்கு என்ன போடுவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அத்தை, தகரத்துமேல் கீற்று வேய்ந்துவிடு என்றாள். குளுமைதான், ஆனால் ரயில் பொறி இருக்கிறதே. வைக்கோல் பரப்பு என்றார் ஒருவர். அதுவும் எரியும், எலியும் வரும். சுரைக்கொடி ஏற்றிவிடு என்றாள் பால்காரி. சுடுகிற தகரத்தில் தளிர் கருகிப்போனது. நைனா மேலே சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார், கொஞ்சம் தேவலை, முதல் மழையில் வழிந்து போய்விட்டது. தெருக்கோடியில் இருக்கிற கொத்தனார் சாமுவேல் மாமா மட்டும் ஒரே பேச்சாக, தகரத்துக்கு ஒரு சாண் கீழே தட்டி கட்டி மண் பூசு என்றார். “கம்பெனிக்குப் போற ஆளுக்கு நேரம் ஏது?” என்று நைனா தள்ளிவிட்டார். அவருக்கு ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு.

பங்குனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். நைனா ரயிலிலிருந்து இரண்டு மூட்டையோடு இறங்கினார். மீஞ்சூர் தாண்டி அவர் வேலை செய்கிற கம்பெனியில் பாய்லர் குழாய்களுக்குச் சுற்றுகிற பஞ்சாம். சுற்றியது போக மிஞ்சியதை எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்க மஞ்சளாக, அடுக்கடுக்காக, மெத்தென்று இருந்தது. நைனா அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து அதன்மேல் வைத்தார். எரியவில்லை அம்மா! கருகக்கூட இல்லை.

“பாத்தியாக்கா? நெருப்பு சலாம் போட்டுட்டுப் போவுது. இத தகரத்துக்கடியில அடச்சுட்டா அந்தாண்ட சூடு இந்தாண்ட வராது. ரயில் பொறிக்கும் பயம் இல்ல.”

“இது இன்னா பஞ்சுடா?”

“கிளாஸ் ஊலுன்னு சொல்றாங்க.”

“ஊலோ கீலோ, சித்திரைக்கு முன்ன போட்டா சரி.”

நீ போனதற்கப்புறம் நைனா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. மூட்டைகளை அடுப்படிச் சாய்ப்பில் தூக்கிக் கட்டினார். யாரும் தொடாதீங்க என்று சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் எழுத வராமல் நிற்கிறது.

போன புதன்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். வந்து பார்த்தால் தகரம் டிக் டிக்கென்று வெடிக்கிற வெயில். அத்தை தண்ணீருக்குப் போயிருந்தாள். விஜயா தூளியில் வியர்த்து ஊறி, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தாள். எனக்கு நீ அப்படிக் கிடந்தது ஞாபகம் வந்துவிட்டது. என்ன செய்வது? அந்தாண்டை சூடு இந்தாண்டை வராது என்று நைனா சொன்னாரே. அப்படியென்றால் அது குளிர்ச்சியான பஞ்சுதானே என்று நினைத்தேன். கூரைக்குப் போடுகிற வரை குழந்தை ஏன் காத்திருக்க வேண்டும்?

மூட்டையைப் பிரித்து இரண்டு கை எடுத்தேன். உன் நீலப் புடவையின் கிழிசலில் மடித்துத் தைத்து, சின்ன மெத்தையாகத் தூளிக்குள் விரித்தேன். தொட்டுப் பார்த்தபோது குளிர்ச்சியாக இல்லை. உள்ளே இருந்தால் மெல்ல மெல்லக் குளிரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விஜயா உடனே தூங்கிவிட்டாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! நைனாவுக்குக்கூடத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதே என்று.

மறுநாள் காலை விஜயாவின் முதுகு, கழுத்து, கன்னமெல்லாம் சிவப்புப் பொட்டு. கண் சிவந்து நீர் வடிந்தது. கையும் காலும் உதைத்து அலறினாள்.

அத்தை பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஆத்தா வந்துட்டா.”

வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தாளிப்புக் கிடையாது. வெளியில் போய்வருகிறவர்கள் உள்ளே வரக் கூடாது என்று நைனாவுக்கு முற்றத்திலேயே சோறு, படுக்கை எல்லாம். குழந்தையைக் கிட்டப்போய்ப் பார்க்கக்கூட அவரை விடவில்லை. தூரத்திலிருந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ரயிலுக்குப் போனார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரும்வரை உடம்பில் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, படுக்கையை மாற்றக் கூடாது, துவைக்கக் கூடாது. அதனால் விஜயா நான் தைத்த மெத்தையிலேயே கிடந்தாள்.

என் கையும் அரித்தது. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், தகரத்து ஆணி ஓட்டை வழியாக ஒரு குச்சி வெயில் தூளிமேல் விழுந்தது. அத்தை தூளியை ஆட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த வெயிலில் ஊசி ஊசியாக ஏதோ மின்னிக்கொண்டு எழும்பியது. என் மணிக்கட்டைப் பார்த்தேன். விஜயாவுக்கு இருக்கிற அதே பொட்டு. அவள் நெற்றியைத் தொட்டேன். காய்ச்சலே இல்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது அம்மா. தெரிந்தும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும்? இந்தப் பெண்ணை நம்பி எப்படிக் குழந்தையை விடுவது என்று அத்தை அன்றைக்கே மூட்டை கட்டுவாள். ஒரு தடவை மெத்தையை மட்டும் உருவிவிடலாம் என்று கையை விட்டேன். அத்தை பிடித்துவிட்டாள். “இன்னாமே பண்ற? ஆத்தா படுத்துகினு கீற எடம், அத அசைக்கற?” நான் கையை எடுத்துக்கொண்டேன். வெள்ளி மத்தியானத்திலிருந்து சனி மத்தியானம் வரைக்கும் ஒரு முழுநாள் நான் வாயைத் திறக்கவில்லை. விஜயா அழுது அழுது குரல் கம்மிப்போன பிறகும் திறக்கவில்லை. இதைக் கேட்டு நீ என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாயா?

சனிக்கிழமை, அதாவது நேற்று, அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்தார். இப்போதெல்லாம் வீடு வீடாக வருகிறார்கள். பெரியம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் காட்டி, இப்படி யாருக்காவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெருவே பயந்துகொண்டிருக்கிறது. அத்தை தூளியை அவிழ்த்து, குழந்தையை மெத்தையோடு சுருட்டி அடுப்படிக்குள் வைத்துவிட்டு, வாசலை மறித்து நின்றாள்.

“ஊட்ல கொழந்தைங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?”

“இங்க ஏது சார் கொயந்த? தோ, இந்தத் தடிப் பொண்ணுதான்.”

அவர் கொடியைப் பார்த்தார். “அப்ப இந்தக் குட்டிச் சட்ட, கோவணமெல்லாம் யாருது?”

“எங்க தம்பிது.”

“கோவணம் சரி. சட்டையும் அவருதா?”

அந்த நேரம் பார்த்து உள்ளே விஜயா வீறிட்டாள். “பூன சார், பேஜாரு புடிச்ச பூன” என்றாள் அத்தை. அவர் சிரிக்கவில்லை. வேப்பிலையைப் பார்த்தார். “பெரியவங்களா நாலு பேரக் கூட்டிகினு சாயங்காலம் வரேன். பாத்துதான் ஆவணும்” என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

நான் பின்வாசல் வழியாக ஓடினேன். ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் அவர் அங்கே நின்றிருந்தார். கூட்ஸ் வண்டி போகிற சத்தத்தில் கத்திக் கத்தித்தான் சொன்னேன். பஞ்சு, மெத்தை, வெயிலில் மின்னியது எல்லாம். வண்டி போய் முடிந்த பிறகும் நான் கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். கேட்கீப்பர் திரும்பிப் பார்த்தார்.

அவர் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாப்பாவுக்குக் காய்ச்சல் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். கூடவே திரும்பி வந்தார்.

அத்தையிடம் அவர் அட்டையைக் காட்டினார். குழந்தையையும் பார்த்தார். “இது அம்மை இல்லம்மா. கண்ணாடிய நூலா இழுத்த பஞ்சு. அந்தத் தூள் தோல்ல குத்திகினு கீது. அந்த மெத்தய எடுத்துட்டு, நல்லா தண்ணி ஊத்துங்க. தேய்க்காதீங்க. கண்ண டாக்டராண்ட காட்டுங்க.”

“தலைக்கு ஊத்தற நாள் வரல. ஆத்தா கோச்சுக்கினா நீயா சார் பதில் சொல்லுவ? நான் ஊத்த மாட்டேன்.”

அத்தை அப்படிச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாசலில் செருகியிருந்த வேப்பிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான் என்று அப்போதுதான் பார்த்தேன்.

தொட்டித் தண்ணீரை நான்தான் மொண்டேன். ஒருவேளை அது உண்மையிலேயே அம்மையாக இருந்தால்? என் யோசனை இன்னொரு தடவை தப்பாகப் போனால்? முதல் சொம்பு ஊற்றியபோது விஜயா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது, நான்காவது. பத்துச் சொம்புக்கு மேல் எண்ணவில்லை. அழுகை விம்மலாகி, விம்மல் நின்று, ஈரக் கையால் என் மூக்கைப் பிடித்தாள். அம்மை குத்துகிறவர் வாசலில் குந்தியபடி தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எழுந்து சைக்கிளை எடுத்தார். மெத்தையைக் குழி தோண்டிப் புதைத்துவிடு என்று மட்டும் சைகை காட்டினார். உன் நீலப் புடவையும் அதோடு போயிற்று.

சாயங்காலம் நைனா வந்ததும் முற்றத்திலேயே நிற்க வைத்துச் சொன்னேன். அத்தை சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழாததால் திறந்து பார்த்தால் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“தொடாதன்னு சொன்னேன்” என்றார். “ஏன்னு சொல்லல. எனக்கு அது பழகிப்போச்சு கண்ணு. தெனம் கை அரிக்கும், கழுவிட்டு வந்துடுவேன். ஊட்டாண்ட சொல்லணும்னு தோணவே இல்ல.”

உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி டாக்டரிடம் போனோம். கண்ணைக் கழுவி, மருந்து விட்டார். பார்வைக்கு ஒன்றும் இல்லையாம். இப்போது விஜயா தூங்குகிறாள். பொட்டுகள் வாடிக்கொண்டு வருகின்றன.

இனிமேல் இன்றைக்கு நடந்தது. காலையில் சாமுவேல் மாமா கோயிலுக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையோடு வந்தார்.

“இன்னா அண்ணாத்தே, பஞ்சுல பொண்ணு மெத்த தெச்சுடுச்சாமே. மேல போடறதக் கீழ போட்டா இப்டித்தான். நான் அப்பவே சொன்னேன், மண்ணு மண்ணுன்னு.”

“மண்ணுக்கு எத்தினி நாள் ஆவும் சாமுவேலு?”

“தட்டி கட்ட ஒரு ஞாயிறு. மொத பூச்சு ஒரு ஞாயிறு. அது காஞ்சு வெடிக்கும், வெடிப்ப அடச்சு ரெண்டாம் பூச்சு. அப்பால சாணி மொழுவணும். முழுசா காய வைகாசி முடிஞ்சுடும். அது வரைக்கும் அதுங்கீழ கொயந்தய போடாத. ஈரம் மாருல எறங்கிடும்.”

“பஞ்சுன்னா?”

“பஞ்சு உன் வேல. உனக்குத்தான் தெரியும்.”

நைனா சொன்னார். பஞ்சை இரண்டு கோணிக்கு நடுவில் வைத்துத் தைத்து, கம்பியால் தகரத்தோடு இழுத்துக் கட்டிவிடலாம். ரெண்டு சாயங்காலம் போதும். கம்பெனியில் அதைத் தகடு போட்டு மூடுவார்கள். நமக்குத் தகடு கிடைக்காது. கோணிதான்.

அத்தையை எல்லாரும் பார்த்தார்கள். நாளைக்கே கிளம்புகிறேன் என்பாள் என்று நான் அவள் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னாள்: “இன்னாத்துக்கு என்னப் பாக்கறீங்க? எதுனா ஒண்ணு போட்டா பேசாம இருக்கேன்னேன். சொன்னது சொன்னதுதான். கோணி தெச்சுப் போட்டாலும் சரி, கொயந்த இங்கியே இருக்கட்டும். இந்தப் பொண்ணுதான் தண்ணி ஊத்தி அத எழுப்புச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்திரை ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பஞ்சென்றால் விஜயா இங்கே. மண்ணென்றால் கோடை முழுக்க அவள் சூலூர்ப்பேட்டையில்.

சாமுவேல் மாமா போனபிறகு நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அதுங்கீழ படுக்கறது நீயும் பாப்பாவும். நான் ஒரு தடவ ஞாயித்துக்கெழமன்னு சொல்லி உங்கம்மாவ உட்டுட்டேன். இந்த ஊட்டுக் கூரையப் பத்தி என் மனசுக்குள்ள ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. நீ பாத்து சொல்லு. காலைல நான் போறதுக்குள்ள சொல்லிடு. நீ சொல்றத செய்றேன்.”

அவர் முகத்தைப் பார்த்தால் பெண்ணைச் சோதிக்கிறவர் மாதிரி இல்லை. நிஜமாகவே தெரியாதவர் மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மத்தியானம் நான் இரண்டு காரியம் செய்தேன். கையில் துணி சுற்றிக்கொண்டு ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துக் கோணிக்குள் வைத்து நெருக்கித் தைத்தேன். அந்த ஆணி ஓட்டை வெயிலில் பிடித்து, ரயில் வருகிறவரை காத்திருந்தேன். ரயில் போகும்போது நம் வீடு அதிருமே, அந்த அதிர்ச்சியில் என்ன ஆகிறது என்று பார்க்க. அம்மா, கோணியின் கண்ணெல்லாம் வழியாக மெல்ல மெல்ல இறங்கியது. கொஞ்சம்தான். வேறு யாருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகிறது இங்கே?

அப்புறம் சாமுவேல் மாமா வீட்டுக்குப் போனேன். மாமி மாவரைத்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில், அவர்கள் வீடும் தகரம்தான். உள்ளே நுழைந்ததும் மரத்தடிக்கு வந்தமாதிரி இருந்தது. மூலையில் இருந்த நெல் குத்துகிற உரல்மேல் ஏறி நின்று தொட்டுப் பார்க்கச் சொன்னாள் மாமி. பனம்பட்டையில் பின்னிய தட்டி, அதன்மேல் களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் சாணியும். தகரத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இரண்டு பக்கமும் சுவரில் ஓட்டை விட்டிருக்கிறார்கள், சூடான காற்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்விடுகிறது. மண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். மாவரைக்கிற கை நின்றது. “இன்னாடி, எடுக்க மனசு வரலியா?” என்று மாமி கேட்டாள். இறங்கி வந்துவிட்டேன்.

எது சரி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

பஞ்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நைனா தைத்துவிடுவார். அத்தை மறுபேச்சுப் பேசமாட்டாள். யாரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள், அந்தத் தூள் இறங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும். விஜயா என் பக்கத்தில் இருப்பாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தவழ்ந்து வாசல்வரை வருவாள். கோணியை இன்னும் நெருக்கமாகத் தைத்தால் இறங்காதோ? இரண்டுக்குப் பதில் மூன்று கோணி வைத்தால்? இப்படியே யோசித்து யோசித்து விளக்கில் எண்ணெய் ஒரு விரல் குறைந்துவிட்டது. நான் யோசிப்பது கூரையைப் பற்றி இல்லை, என்னைப் பற்றித்தான் என்று எனக்கே தெரிகிறது.

விஜயா அங்கே போனால் என்னை மறந்துவிடுவாள். அவளுக்கு இன்னும் ஒரு வயதுகூட முடியவில்லை. வாயில் இப்போதுதான் சொல் திரள்கிறது. அத்தையைத்தான் முதலில் அம்மா என்று கூப்பிடுவாள். கூப்பிடட்டும் என்று எழுதிப் பார்க்கிறேன். எழுத முடிகிறது. சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

தெருவில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். கடைசிக் கூட்ஸும் போய்விட்டது. நீ படுத்திருந்த இடத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தகரம் இன்னும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கிறது, உச்சந்தலையில் தெரிகிறது. பங்குனியிலேயே இப்படி.

காலையில் நைனா சோற்றுத் தூக்கை வாங்கிக்கொள்ளும்போது, “மண்ணு, நைனா” என்று சொல்லப்போகிறேன். ஏன் என்று அவர் கேட்டால் கோணியையும் வெயிலையும் காட்டுவேன். அத்தையிடம் விஜயாவின் சட்டைகளை நானே மடித்துக் கொடுப்பேன். குழந்தை என் பின்னலைத் தேடி அழுதால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுவேன். ஸ்டேஷனுக்குப் போகமாட்டேன். அதற்கு மட்டும் என்னால் முடியாது, நீ கோபித்துக்கொள்ளாதே.

உனக்கு ஒன்று சொல்கிறேன் அம்மா, இதை நம்பு. களிமண்ணை நானே மிதிப்பேன். காய்ந்து வெடிக்கிற ஒவ்வொரு வெடிப்பையும் பள்ளிக்கூடம் விட்டு வந்து விரலால் அடைப்பேன். எல்லாம் காய்ந்தபிறகு பத்து நாள் அதன்கீழ் நான் மட்டும் படுத்துப் பார்ப்பேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைப்பேன். பத்து ராத்திரியும் எல்லா ரயிலும் போய், துணிமேல் ஒரு தூசிகூட விழாமல் இருந்தால், பதினோராம் நாள் நானே சூலூர்ப்பேட்டைக்குப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வருவேன். விழுந்தால் மறுபடி பூசுவேன். அவள் அதுவரை அங்கேயே இருக்கட்டும்.

உன் மூத்த மகள்,
விஜயாவுக்கு அக்கா,
கஸ்தூரி